ஹெர் ஹார்ட்விக்குக்கு நான் ஏன் வாக்களிக்கவில்லை

ஜெர்மனியில் எங்கள் ஊர் எஸ்-பான் ரயில் நிலையத்துக்கு வெளியே இருக்கும் மின்கம்பத்தில் ஹெர், அதாவது திரு, ஹார்ட்விக்கின் படத்தைக் கட்டியிருந்தார்கள். கடும் நீல மேலங்கி, ஒட்ட வெட்டிய நரைமுடி, பார்ப்பவரை நேராகப் பார்க்கும் கண்கள். கீழே ஒரே ஒரு வரி: "தலைமை தாங்கத் தெரிந்தவர்." அதற்கும் கீழே, முன்னாள் இராணுவ அதிகாரி என்று சிறிய எழுத்தில். நான் கடைக்குப் போகிற வழியில் நின்று அதை வாசித்தேன். வாசித்து முடித்தபோது எனக்குக் கோபம் வந்தது.

அவர் லாண்ட்ராட் பதவிக்குப் போட்டியிட்டார். லாண்ட்ராட் என்றால் மாவட்டத்தின் தலைவர். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தெரிவு செய்கிற பதவி. ஒரு நாட்டுக்கு ஜனாதிபதி எப்படியோ, எங்கள் மாவட்டத்தின் பள்ளிக்கூடக் கட்டடங்களுக்கும் பேருந்துகளுக்கும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் அவர் அப்படி. நான் இருபத்தாறு வருடம் வேலை செய்த மருத்துவமனையும் மாவட்டத்துக்குச் சொந்தமானதுதான்.

அன்று பின்னேரம் ஆரணி தொலைபேசி எடுத்தாள். யாழ்ப்பாணத்து அகதிப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பிள்ளை. நான் ஓய்வு பெற்ற பிறகு மருத்துவமனையில் என் துணைப் பொறுப்பாளர் பதவியில் இருப்பவள் அவள்தான்.

"அக்கா, நீங்கள் ஹார்ட்விக்கோட வேலை செய்தனீங்கள்தானே? ஆள் எப்பிடி? இங்க வேலையில எல்லாரும் அவருக்குத்தான் போடப்போகினம். ஆமியில ஒஃபிசரா இருந்தவர், முடிவெடுக்கத் தெரியும் எண்டு கதைக்கினம்."

"நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டேன்.

"எனக்கும் அப்பிடித்தான் படுது. இந்த அரசியல்வாதியள் மாதிரி வழவழா எண்டு கதைக்காமல் ஒரு ஆள் வந்தால் நல்லதுதானே."

இந்தக் கதை எனக்குப் புதிதல்ல. இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் வந்தாலும், அமெரிக்காவில் வந்தாலும், எங்கள் வரவேற்பறைகளில் இதே கதைதான். இராணுவத்தில் இருந்தவனுக்கு ஒழுங்கு தெரியும், துணிவு இருக்கும், அவன் ஆண்டால் நாடு நிமிரும். இராணுவத்துக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்த எங்கள் ஆட்களே இப்படிச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஆரணி சொன்னபோது சிரிப்பு வரவில்லை. "உனக்கு நான் எழுதித்தாறன், வாசிச்சிட்டு முடிவெடு" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். எழுதத் தொடங்கியது இப்படித்தான்.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இந்த நாட்டுக்கு வந்து, வேலை செய்ய அனுமதி கிடைத்ததும், அந்த மருத்துவமனையில் துப்புரவுப் பணிக்குச் சேர்ந்தேன். மூன்று வருடம் தரை துடைத்தேன். பிறகு கீழ்த்தளத்தில் இருக்கும் கிருமிநீக்கப் பிரிவில் ஆள் போதவில்லை என்று என்னை அங்கே மாற்றினார்கள். ஜெர்மன் மொழி படித்தேன், பயிற்சி வகுப்புகளுக்குப் போனேன், பரீட்சை எழுதினேன். அவ்வளவுதான் என் படிப்பு.

சத்திரசிகிச்சைக்குப் பாவித்த கருவிகள் மூடிய வண்டிகளில் எங்களிடம் வரும். ஒரு பக்கம் அழுக்கு அறை. அங்கே கழுவி, இயந்திரத்துக்குள் வைத்தால், சுவரின் மறுபக்கம் சுத்த அறையில் கதவு திறக்கும். ஒவ்வொரு கத்தரிக்கோலையும் விளக்கின் கீழே, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். மூட்டு இடுக்கில் ஒரு புள்ளி கறை இருந்தாலும் திரும்பக் கழுவ வேண்டும். பிறகு தட்டில் அடுக்கி, உலோகப் பெட்டியில் பூட்டி, நீராவி இயந்திரத்துக்குள் ஏற்றுவோம். இயந்திரம் முதலில் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும். காற்று போனால்தான் நீராவி கருவியின் குழாய்க்குள்ளும் துளைக்குள்ளும் போகும். நூற்று முப்பத்துநான்கு பாகை வெப்பத்தில் ஐந்து நிமிடம்.

காற்று உண்மையிலேயே போகிறதா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் காலைச் சோதனை. ஒவ்வொரு நாளும் முதல் வேலையாக, வெறும் இயந்திரத்துக்குள் ஒரு சிறிய பொதியை வைத்து ஓட்ட வேண்டும். பொதியின் நடுவில் ஒரு தாள் இருக்கும். வெளியே எடுக்கும்போது அந்தத் தாள் முழுக்க ஒரே கறுப்பாக இருக்க வேண்டும். நடுவில் வெளிறி இருந்தால் காற்று உள்ளே நிற்கிறது என்று அர்த்தம். ஒருமுறை திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். இரண்டாவது முறையும் வெளிறியிருந்தால் இயந்திரத்தைப் பூட்டி, திருத்துநரைக் கூப்பிட வேண்டும். இதில் பேச்சுக்கு இடமில்லை. கடைசியில், இயந்திரம் ஓடிய ஒவ்வொரு சுற்றுக்கும் விடுவிப்புத் தாளில் ஒருவர் கையெழுத்திட வேண்டும். இந்தக் கருவிகளை மனித உடம்புக்குள் வைக்கலாம் என்று நான் சொல்கிறேன் என்பதுதான் அந்தக் கையெழுத்தின் பொருள்.

ஹெர் ஹார்ட்விக் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாளராக வந்தபோது எனக்கு அங்கே பதினான்கு வருட அனுபவம். அவர் இராணுவத்தின் மருத்துவப் பிரிவில் அதிகாரியாக இருந்து விலகி வந்தவர். நியாயமாகச் சொல்ல வேண்டும், முதல் வருடம் நான் அவரை மதித்தேன். காலை ஆறு மணி என்றால் ஐந்து ஐம்பதுக்கு நிற்பார். இரண்டு வருடமாக நாங்கள் முறையிட்டுக்கொண்டிருந்த பழுதான குளிரூட்டியை ஒரே கிழமையில், ஏழே நாளில் மாற்றினார். வேலை அட்டவணை மாதத் தொடக்கத்திலேயே சுவரில் இருக்கும். ஒருமுறை ஒரு எலும்புமுறிவு மருத்துவர் தொலைபேசியில் என் ஜெர்மனைக் கேலி செய்து கத்தினார். ஹெர் ஹார்ட்விக் அவரைக் கீழே வரவழைத்து, எல்லோர் முன்னாலும் என்னிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார். அன்று நான் வீட்டுக்குப் போய் என் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கீழே இருக்கும் எங்களுக்கு அவர் கட்டளை கொடுப்பார். மேலே இருப்பவர்களுக்கு "எல்லாம் ஒழுங்கு" என்று மட்டும் சொல்வார். எங்களிடம் ஆள் குறைவு, இயந்திரம் பழசு என்று மேலே ஒருநாளும் சொன்னதில்லை. தான் பொறுப்பேற்ற நாள் முதல் எங்களால் ஒரு சத்திரசிகிச்சையும் பிற்போடப்படவில்லை என்று கூட்டங்களில் சொல்வார். அந்த வசனம் அவருக்கு ஒரு பதக்கம் மாதிரி.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. எங்களிடம் இருந்த மூன்று இயந்திரங்களில் ஒன்று முதல்நாளே திருத்த வேலைக்காகக் கழற்றிக் கிடந்தது. காலைச் சோதனையில் இரண்டாவது இயந்திரத்தின் தாளை எடுத்தேன். நடுவில் வெளிறல். திரும்ப ஓட்டினேன். திரும்பவும் வெளிறல், ஒரு நாணயம் அளவுக்கு. பூட்டினேன், பதிவேட்டில் எழுதினேன், திருத்துநருக்கு அழைத்தேன். பதினொரு மணிக்குத்தான் வர முடியும் என்றார். அன்று இரண்டு இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சைகள் இருந்தன. ஒன்றுக்கே ஐந்து தட்டுக் கருவிகள் வேண்டும். மிஞ்சியிருந்த ஒற்றை இயந்திரத்தால் முடியாது.

ஹெர் ஹார்ட்விக் வந்து தாளை விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தார்.

"இது எல்லைக்கோட்டில் இருக்கிறது" என்றார்.

"வெளிறியிருக்கிறது, ஹெர் ஹார்ட்விக். இரண்டு தரம்."

"கருவிப் பெட்டிகளுக்குள்ளும் சோதனைப் பட்டை வைக்கிறோம்தானே. அது நிறம் மாறினால் போதும். ஓட்டுங்கள்."

"ஒரு சிகிச்சையைப் பின்னேரத்துக்குத் தள்ளலாம். மேலே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்."

"நான் மேலே போய் எங்களால் முடியாது என்று சொல்லப்போவதில்லை. ஃப்ராவ் நடராசா, இயந்திரத்தைத் திறந்து ஓட்டுங்கள்."

அவர் குரலை உயர்த்தவில்லை. அப்படிப்பட்டவர்கள் குரலை உயர்த்துவதில்லை. எனக்கு முதலில் வாயில் வந்தது தமிழ். "ஏலாது" என்றேன். பிறகு ஜெர்மனில் சொன்னேன்: "நான் கையெழுத்திட மாட்டேன்."

அவர் தாளை மேசையில் வைத்தார். "நல்லது. நீங்கள் இடைவேளைக்குப் போங்கள்" என்றார். பிறகு திரும்பி, பொதி கட்டிக்கொண்டிருந்த டனூட்டாவைக் கூப்பிட்டார்.

டனூட்டா நோவாக் போலந்துக்காரி. தனியாக ஒரு மகளை வளர்த்துக்கொண்டிருந்தவள். கையெழுத்திடும் தகுதிப் பரீட்சையை முந்தைய மாதம்தான் முடித்திருந்தாள். அவளுடைய வேலை ஒப்பந்தம் வருட முடிவு வரைக்கும்தான். அதை நீட்டுவதா விடுவதா என்று முடிவு செய்பவர் ஹெர் ஹார்ட்விக்.

"ஃப்ராவ் நோவாக், இரண்டாவது இயந்திரத்தை ஓட்டி, விடுவிப்புத் தாளில் கையெழுத்திடுங்கள். இது என் கட்டளை."

டனூட்டா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் என்ன செய்தேன்? இடைவேளைக்குப் போனேன். போகச் சொன்னார், போனேன். இலங்கையில், ஊரில், சோதனைச்சாவடியில் நின்று பழகிய உடம்பு இது. துவக்குப் பிடித்தவன் நில் என்றால் நிற்கும், போ என்றால் போகும், பக்கத்தில் வந்தவளுக்கு என்ன நடந்தது என்று திரும்பிப் பார்க்காது. எனக்கு என்மேல் இருக்கிற கோபத்தில் பாதி இந்த உடம்பின் மேல்தான்.

பதினொரு மணிக்குத் திருத்துநர் யூர்கன் வந்தார். கதவின் ரப்பர் வெடித்து, அதனூடாகக் காற்று உள்ளே போவதைக் கண்டுபிடித்தார். யூர்கனும் பன்னிரண்டு வருடம் இராணுவத்தில் வண்டி திருத்தியவர். காலையில் எடுத்த தாளை அவரிடம் காட்டினேன். இயந்திரம் ஓடியிருக்கிறது என்று அறிந்ததும் அவர் முகம் சிவந்தது.

"இப்படி ஒரு பழுதோடு வண்டியை வெளியே விட்டிருந்தால் என் படைத் தலைவர் என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்" என்றார். "பிழையான கட்டளைக்குக் கீழ்ப்படியாதே என்றுதான் எங்களுக்கு முதல் நாளே படிப்பித்தார்கள். அவருக்கும் அதைத்தான் படிப்பித்திருப்பார்கள்."

ரப்பர் வெடித்திருந்ததைத் தன் அறிக்கையில் எழுதி, ஒரு பிரதியை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

அதற்குள் இரண்டு சிகிச்சைகளும் நடந்து முடிந்துவிட்டன. ஒருவர் சுகமாக வீட்டுக்குப் போனார். மற்றவர் தபால் விநியோகித்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி. பத்து நாளில் அவருடைய காயம் சீழ் பிடித்தது. திரும்ப வெட்டினார்கள், கழுவினார்கள். கடைசியில், வைத்த செயற்கை மூட்டையே கழற்றி எடுத்தார்கள். பல மாதம் படுக்கையில் கிடந்தார். கிருமி எங்கள் தட்டில் இருந்துதான் வந்தது என்று ஆய்வுகூடத்தால் சொல்ல முடியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. நானும் இங்கே அதற்கு மேல் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தக் கருவிகள் வெளியே போயிருக்கவே கூடாது. அதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

மருத்துவமனைக்குள் விசாரணை நடந்தது. நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். பக்கவாட்டில், ஒரு கதிரையில் நிமிர்ந்தபடி, ஹெர் ஹார்ட்விக். தான் கட்டளை எதுவும் கொடுக்கவில்லை என்றும், நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கும்படி மட்டும் சொன்னதாகவும் அவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார். கையெழுத்து டனூட்டாவுடையது. தாளில் இருந்தது அது ஒன்றுதான்.

என்னிடம் கேட்டார்கள்: "ஃப்ராவ் நோவாக்கிடம் ஹெர் ஹார்ட்விக் என்ன சொன்னார் என்று உங்களுக்குக் கேட்டதா?"

நான் நான்கடி தூரத்தில் நின்றிருந்தேன். ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

"நான் இடைவேளைக்குப் போய்க்கொண்டிருந்தேன்" என்றேன். "சரியாகக் கேட்கவில்லை."

என் கணவருக்கு அந்த வருடம் பக்கவாதம் வந்திருந்தது. வீட்டில் உழைப்பவள் நான் ஒருத்தி. இதைத்தான் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இன்னொன்றும் இருந்தது. துணைப் பொறுப்பாளர் பதவிக்கு நான் விண்ணப்பம் போட்டிருந்தேன். முடிவெடுப்பவர் அவர். மூன்று மாதம் கழித்து அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. டனூட்டாவின் ஒப்பந்தம் நீட்டப்படவில்லை. வழிமுறையை மீறிக் கையெழுத்திட்டவர் என்ற பேச்சு அவளுக்கு முன்னாலேயே மற்ற மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஹெர் ஹார்ட்விக் இரண்டு வருடத்தில் மருத்துவமனை நிர்வாகத்துக்கு உயர்ந்தார். அங்கிருந்து கட்சிக்குப் போனார்.

ஆரணி, உன் கேள்விக்கு வருகிறேன். இராணுவ அனுபவம் ஒருவரைத் தலைவராக்குமா? யூர்கனும் அதே இராணுவத்தில் இருந்தவர்தான். அவரிடம் நான் நாட்டையே கொடுப்பேன். ஆகையால் சீருடை போட்டவர் எல்லோரும் கூடாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. சீருடையைக் காட்டி வாக்குக் கேட்பவரிடம் நான் கேட்பது வேறு. உனக்குக் கீழே இருந்தவள் ஏலாது என்று சொன்னபோது நீ என்ன செய்தாய்? உன் கட்டளை பிழைத்தபோது யாருடைய பெயர் தாளில் இருந்தது? படையில் பொறுப்பு மேலே போகும் என்கிறார்கள். நான் பார்த்தது, கட்டளை மேலிருந்து கீழே வந்தது, பழியும் மேலிருந்து கீழே வந்தது. ஊரிலும் அப்படித்தான் பார்த்தேன். அங்கே செத்தவர்களைக் கொல்ல யார் கட்டளையிட்டார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் "சரியாகக் கேட்கவில்லை."

தேர்தலுக்கு முந்தின கிழமை நகர மண்டபத்தில் வேட்பாளர்களிடம் கேள்வி கேட்கும் கூட்டம் நடந்தது. போனேன். கை உயர்த்தினேன். ஒலிவாங்கி என்னிடம் வந்தது.

ஹெர் ஹார்ட்விக் என்னை அடையாளம் கண்டு சிரித்தார். "ஃப்ராவ் நடராசா! எங்கள் மிகச் சிறந்த பணியாளர்களில் ஒருவர்" என்று மண்டபத்துக்கு அறிமுகம் செய்தார்.

"சோதனையில் தவறிய இயந்திரத்தை ஓட்டச் சொல்லி ஒருநாள் நீங்கள் கட்டளையிட்டீர்கள். ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது, ஆனால் அவர் தடுமாறவில்லை. "தனிப்பட்ட விசாரணைகளைப் பற்றி இங்கே பேச எனக்கு அனுமதியில்லை. பொதுவாகச் சொல்கிறேன். நெருக்கடியில் யாராவது ஒருவர் முடிவெடுக்க வேண்டும். அதை நான் இராணுவத்தில் கற்றேன்."

கை தட்டினார்கள். தட்டி முடியும்வரை நின்றேன்.

"முடிவெடுத்தீர்கள். கையெழுத்தை ஏன் டனூட்டாவைப் போடச் சொன்னீர்கள்?"

யாரும் தட்டவில்லை. கூட்டத்தை நடத்தியவர் வந்து, நேரம் போதாது, மற்றவர்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, ஒலிவாங்கியை என் கையில் இருந்து மெதுவாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் வீட்டில் இருந்து ஒரு வாக்குமூலம் எழுதினேன். அன்று நடந்தது முழுவதும், விசாரணையில் நான் சொன்ன பொய்யும் சேர்த்து. யூர்கனின் அறிக்கைப் பிரதியையும் இணைத்தேன். அனுப்ப முன்பு டனூட்டாவிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. பக்கத்து ஊரில் ஒரு வெதுப்பகத்தில் வேலைக்கு நிற்கிறாள் என்று அறிந்து போனேன். பாண் விற்றுக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. வரிசை குறைந்ததும் ஏப்ரனோடு வெளியே வந்து, நின்றபடியே இரண்டு பக்கத்தையும் வாசித்தாள்.

"உனக்கு இப்போது ஓய்வூதியம் வருகிறது" என்றாள். "அதனால்தான் காதும் கேட்கிறது."

"டனூட்டா, நான் அன்றைக்கு..." என்று தொடங்கினேன்.

"வேண்டாம். அவரை நான் மறந்துவிட்டேன். அப்படிப்பட்டவர்களைப் போலந்திலும் பார்த்திருக்கிறேன். உன்னைத்தான் மறக்க முடியவில்லை. நான் உன்னைப் பார்த்தேன், நீ வாசலைப் பார்த்தாய்." தாள்களை என்னிடம் திருப்பித் தந்தாள். "அனுப்பு. ஆனால் எனக்காக அனுப்புகிறேன் என்று யாரிடமும் சொல்லாதே."

வெதுப்பகத்தின் வாசலில் வைத்தே கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் மருத்துவமனையின் மேற்பார்வைச் சபைக்கு அனுப்பினேன். ஆரணிக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். வாசித்துவிட்டு அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, நான் இருக்கிற கதிரை அந்தக் கதிரையா?"

"ஓம்," என்றேன். "அதுதான்."

அவள் அவருக்கு வாக்களிக்கவில்லை. நானும் அளிக்கவில்லை. மற்றவர்கள் அளித்தார்கள். இரண்டாம் சுற்று வாக்களிப்பில் ஹெர் ஹார்ட்விக் வென்றார். பத்திரிகையில் பூங்கொத்தோடு நின்றார்.

மூன்றாம் கிழமை சபையில் இருந்து பதில் வந்தது. உங்கள் கடிதம் கிடைத்தது, நடவடிக்கைக்காகச் சபையின் தலைவருக்கு அனுப்பப்பட்டுள்ளது, நன்றி. எங்கள் மாவட்டத்தில் பதவி வழியாக அந்தச் சபையின் தலைவர் லாண்ட்ராட். கடிதத்தின் அடியில் அவருடைய பெயர் அழகாக அச்சிடப்பட்டிருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கத்தினேன். என் கணவர் பயந்துபோய்ப் படுக்கையில் இருந்து என்ன என்ன என்று கேட்டார்.

மாதத்தில் ஒருநாள் லாண்ட்ராட் பொதுமக்களைச் சந்திக்க வேண்டும் என்று இங்கே ஒரு ஒழுங்கு இருக்கிறது. நேற்றுக் காலை மாவட்ட அலுவலகத்துக்கு நேரிலே போய், அவரைச் சந்திக்க டெர்மின், அதாவது நேரம், கேட்டேன். கணினிக்குப் பின்னால் இருந்த பெண் பிள்ளை மரியாதையானவள். பதினைந்து நிமிடம் தரலாம் என்றாள். என்ன விடயமாக என்று கேட்டாள், அந்தப் பெட்டியை நிரப்பாமல் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாதாம்.

"அவர் போடாமல் விட்ட ஒரு கையெழுத்து விடயமாக" என்றேன்.

அவள் தலையை ஆட்டி, சொன்னதைச் சொன்னபடியே தட்டச்சு செய்து, அச்சடித்து, என் கையில் தந்தாள்.